குவிப்புத் தடுப்புத் தீர்வையும் மானிய வழக்குகளும்

மலிவாக விற்பவனைக் குற்றவாளி என்று கூறுதல் எங்ஙனம் பொருந்தும் எனப் பொருளியல் பயிலும் மாணவர் வினாவுவதுண்டு. வாங்குவோனுக்கு அது நன்மையன்றோ என்பது அவர்தம் ஐயம். இவ்வினா எளிதில் ஒதுக்கற்பாலதன்று.

குவிப்பு என்பது வெறும் மலிவு விலையன்று. ஒரு பண்டத்தைத் தன்னாட்டில் ஒரு விலைக்கும் பிறநாட்டில் அதனிற் குறைந்த விலைக்கும் விற்றலே குவிப்பாகும். கனடாவிற் பிறந்த பொருளியலறிஞர் யேக்கப் வைனர் 1923ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இவ்வாறே இதனை வரையறுத்தார். தன்னாட்டில் 100 ரூபாவுக்கு விற்கும் பண்டத்தை ஒருவன் நமக்கு 80 ரூபாவுக்குத் தருவானாயின் வேறுபாடு 20 ரூபா; அதனை விஞ்சிய தீர்வை இன்றைய விதிகளுக்கு ஒவ்வாது. உள்நாட்டுத் தொழிலுக்கு ஊறு நேர்ந்தமையும் காட்டப்படல் வேண்டும். மானியம் இதனின் வேறு. குவிப்பைச் செய்பவன் வணிகன். மானியத்தை அளிப்பது அரசு. முன்னையதற்குக் குவிப்புத் தடுப்புத் தீர்வையும், பின்னையதற்கு எதிரீட்டுத் தீர்வையும் விதிக்கப்படும்.

இப்பிணக்கின் தொடக்கத்தைச் சீனியிற் காணலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் யேர்மனி, ஒசுத்திரியா, பிரான்சு முதலிய நாடுகள் பீற்றுக்கிழங்குச் சீனியின் ஏற்றுமதிக்கு ஊக்கத்தொகை வழங்கின. அதன் பயனாக இங்கிலாந்து மக்கள் யேர்மனியரினும் மலிவாக யேர்மன் சீனியை உண்டனர். செலவை ஏற்றவன் யேர்மன் குடிமகன். இழப்பை ஏற்றவன் மேற்கிந்தியத் தீவுகளிற் கரும்பு பயிரிட்டவன். 1899இல் கேர்சன் பிரபுவின் ஆட்சியில் இந்தியா இச்சீனிமீது எதிரீட்டுத் தீர்வை விதித்தது. 1902இற் புறூசெல்சில் ஏற்பட்ட உடன்படிக்கையே ஊக்கத்தொகைகளை ஒழிக்க வழிசெய்தது. ஈராண்டின் பின், அமெரிக்க உருக்கின் போட்டிக்கு அஞ்சிய கனடா முதலாவது குவிப்புத் தடுப்புச் சட்டத்தை இயற்றிற்று. 1947ஆம் ஆண்டின் காட் உடன்படிக்கை தன் ஆறாம் உறுப்புரையில் இவ்விரு தீர்வைகளுக்கும் இடமளித்தது.

நம் நாட்டையும் தீண்டிய வழக்கொன்று உண்டு. அதனைச் சற்று விரித்து நோக்குவாம். 1995ஆம் ஆண்டு ஆகத்து மாதத்திற் பிறேசில், பிலிப்பைன்சு, இலங்கை முதலிய நாடுகளிலிருந்து வந்த உலர்த்திய தேங்காய்த் துருவல்மீது எதிரீட்டுத் தீர்வை விதித்தது. பிலிப்பைன்சுத் துருவலுக்கு விதிக்கப்பட்ட வீதம் 121.5 ஆகும். பண்டத்தின் விலையினும் அதன் தீர்வை மிகுந்தால் எவ்வணிகன் அதனைக் கப்பலேற்றுவான்? தென்னை பயிரிடுவோர்க்கு அளித்த உதவி, தேங்காயின் வழியாகத் துருவலையும் சென்றடைந்தது என்பது பிறேசிலின் வாதம். மரத்துக்கு அளித்த உதவி துருவலில் எவ்வளவு தங்கிற்று என்று அளப்பது எளிதோ? வழக்கின் உயிர்நிலை இதுவே.

பிலிப்பைன்சு உலக வர்த்தக நிறுவனத்தில் முறையிட்டது. இலங்கையும் 1996 பெப்ரவரியிற் கலந்தாய்வு கோரிற்று. ஆயினும் அது நடுவர் குழுவரை செல்லவில்லை. பிலிப்பைன்சின் வழக்கில் 1997இல் மேன்முறையீட்டுக் குழு அளித்த தீர்ப்பு வியப்பூட்டுவது. பிறேசிலின் விசாரணை 1994ஆம் ஆண்டிலே தொடங்கப்பட்டது. புதிய நிறுவனத்தின் விதிகளோ 1995 சனவரி முதலாந் திகதியே நடைமுறைக்கு வந்தன. ஆகவே அவ்விதிகள் இத்தீர்வைக்குப் பொருந்தா எனக் குழு கூறிற்று. கணக்குச் சரியோ பிழையோ என்னும் வினா விடையின்றியே நின்றது. சட்ட நோக்கில் இத்தீர்ப்பிற் குறைகாண்டல் அரிது. எனினும் தென்னந்தோட்டத்தை நம்பி வாழ்வோர்க்கு அது தந்த ஆறுதல் யாது?

மறுபுறத்தையும் மறத்தலாகாது. பிறேசிலின் வடகிழக்கிலும் தென்னையை நம்பிய ஏழைக் குடிகள் உளர். அவர்களைக் காக்கப் பிறேசில் முயன்றதனை முற்றிலும் பழித்தல் தகாது. தீர்வை விதித்தமையினும், உதவியை அளந்த முறையே என் மனத்துக்கு ஒவ்வாதது.

இலங்கை தனக்கென ஒரு குவிப்புத் தடுப்பு, எதிரீட்டுத் தீர்வைச் சட்டத்தை 2018ஆம் ஆண்டிலேயே நிறைவேற்றிற்று. இத்தகைய சட்டத்தின்கீழ் முறையிடும் தொழிலார், பிறநாட்டு உற்பத்தியாளன் தன்னாட்டில் எவ்விலைக்கு விற்கின்றான் என்பதற்குச் சான்று தேடல் வேண்டும். பெருந் தொழிலகத்தார் கணக்கரையும் வழக்கறிஞரையும் அமர்த்தி அதனைத் தேடிக்கொள்வர். பத்துப்பேரை வைத்துத் தொழில் நடத்துபவனோ அயல்நாட்டுக் கடையின் விலைச்சீட்டு ஒன்றைப் பெறுதற்கே எவரை நாடுவது என்றறியாது நிற்பான்.