காதுக்கு விற்ற கதை கண்ணுக்கும் சேர்த்தியா?

செவ்வாய்ப்பேட்டையில கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கும் நண்பர் ஒருத்தர். பட்டறைச் சத்தத்தில் ஒரு காது மந்தமாகிவிட்டது. ராத்திரி போனில் ஒலிப்புத்தகம் கேட்பார். போன வாரம் கேட்டார்: "யூடியூப்ல பேசப் பேச கீழ எழுத்து ஓடுதே. காசு குடுத்து வாங்கின கதைக்கு ஏன் ஓடமாட்டேங்குது?"

தொழில்நுட்பம் தடையில்லை. 2019 ஜூலையில் அமேசானின் ஆடிபிள் நிறுவனம் இதைத்தான் அறிவித்தது: குரலை இயந்திரமே கேட்டு, சில சொற்களாகத் திரையில் காட்டும். ஆகஸ்டில் பெங்குயின் ராண்டம் ஹவுஸ், ஹார்ப்பர்காலின்ஸ் உட்பட ஏழு பதிப்பகங்கள் நியூயார்க்கில் வழக்குப் போட்டன. "உங்களுக்குக் கொடுத்தது ஒலி உரிமை. எழுத்து உரிமை தனி" என்பது அவர்கள் வாதம். "இது புத்தகம் இல்லை, பக்கம் புரட்ட முடியாது, கேட்பவருக்கு ஒரு துணைதான்" என்றது ஆடிபிள். 2020 தொடக்கத்தில் சமரசம்: அனுமதி இல்லாமல் அந்தப் பதிப்பகங்களின் நூல்களுக்கு எழுத்து ஓடாது. எது சரி என்று நீதிமன்றம் சொல்லவே இல்லை.

நம்ம ஊர்ச் சட்டத்தில்? 1957 பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு ஒலிப்புத்தகத்துக்குள் பல உரிமைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. எழுத்துக்கு, ஆசிரியர் மறைந்தபின் 60 ஆண்டு. ஒலிப்பதிவுக்கு, வெளியானதிலிருந்து 60 ஆண்டு. வாசித்த குரல்கலைஞருக்கு 50 ஆண்டு.

கல்கி 1954-இல் மறைந்தார். அவர் எழுத்து இப்போது பொதுச்சொத்து. திரையில் ஓட்டலாம், யாரும் கேட்க முடியாது. ஆனா அடுத்தவர் பதிவு செய்த குரலை எடுத்து வெளியிட்டால் கேட்பார்கள். சுஜாதா 2008-இல் மறைந்தார். அவர் எழுத்துக்கு 2068 முடியும் வரை அனுமதி வேண்டும்.

2012 திருத்தத்தில் ஒரு முக்கியமான வரி சேர்ந்தது. உரிமையை எழுதிக்கொடுத்த காலத்தில் இல்லாத ஊடகம் பின்னால் வந்தால், ஒப்பந்தத்தில் அதைக் குறிப்பாகச் சொல்லியிருந்தால் ஒழிய, அது வாங்கினவருக்குப் போகாது. பழைய ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு புது வசதிக்கு உரிமை கொண்டாட முடியாது. எழுத்தாளருக்கு இது நல்ல காவல்.

அப்போ நண்பர் கதி? அதே திருத்தம் அவருக்கும் ஒரு கதவு வைத்திருக்கிறது. 52ஆம் பிரிவின்படி, மாற்றுத்திறனாளிகள் அணுகும் வடிவில் ஒரு படைப்பை மாற்றித் தருவது உரிமை மீறல் ஆகாது. ஒரு அமைப்பு செய்தால் லாபம் பார்க்கக் கூடாது, அவர்களுக்கு மட்டுமே போய்ச் சேர வேண்டும். லாபத்துக்கு நடத்தும் நிறுவனம் என்றால் 31பி பிரிவில் கட்டாய உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

ஆக, கதவு இருக்கு. ஆனா ஒவ்வொருத்தருக்காகவும் யாராவது திறந்துவிட வேண்டியிருக்கு. தமிழில் ஒலிப்புத்தக ஒப்பந்தங்கள் இப்போதுதான் பெருகி வருகின்றன. "கேட்கும்போது திரையில் எழுத்து காட்டலாம், அதற்கு இவ்வளவு பங்கு" என்று ஒரு வரி சேர்த்தால் எழுத்தாளருக்கும் காசு, நண்பருக்கும் கதை.

இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். சத்தமாக, ரெண்டு தடவை.