முட்டைக்குள் ஒரு பாம்புக்குட்டி

நம் சங்கத்துப் பொங்கல் விழாவில் ஒரு சிறுமி என்னிடம் கேட்டாள்: "மாமா, போன லீவுக்குப் பாலக்காட்டுப் பாட்டி வீட்டுக்குப் போயிருந்தோம். தோப்பில் பாம்பு முட்டை இருந்தது. தாத்தா மண்ணெண்ணெய் ஊற்றி எரித்துவிட்டார். முட்டைக்குள் என்ன இருந்திருக்கும்?" அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். அதற்கு முன் நான் செய்த பிழை ஒன்றையும் சொல்லிவிட வேண்டும்.

நான் கொழிஞ்சாம்பாறையில் பிறந்து, இடுக்கி மாவட்டம் வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வளர்ந்தவன். 1978-ல் எனக்கு வயது பன்னிரண்டு. ஒருநாள் சருகுக் குவியலைக் கிளறியபோது சாரைப்பாம்பு ஒன்று நழுவி ஓடியது. அது கிடந்த இடத்தில், ஒன்றோடொன்று ஒட்டியபடி பதினோரு வெள்ளை முட்டைகள். பெரியவர்கள் கண்டால் நசுக்கிவிடுவார்களே என்று, ஒரு பிஸ்கட் டின்னில் உலர்ந்த மணலைப் பரப்பி, முட்டைகளைப் பிரித்து வைத்து இறுக மூடினேன். அடைக்கோழி முட்டையைப் புரட்டுவதைப் பார்த்தவன் அல்லவா? நானும் தினம் இரண்டு வேளை புரட்டினேன். மூன்றே வாரத்தில் எல்லாம் குழிவிழுந்து பூசணம் பிடித்துவிட்டன. ஒன்றைக் கிழித்துப் பார்த்தேன். உள்ளே கண்ணும் வாயும் வைத்து, சுருண்டு கிடந்தது ஒரு குட்டி.

பிறகு பாலக்காடு விக்டோரியா கல்லூரியில் விலங்கியல் படித்தபோதுதான் என் தவறுகள் புரிந்தன.

கோழி முட்டையிடும்போது உள்ளே கரு ஒரு சிறு புள்ளிதான். பாம்பு அப்படியல்ல. தாயின் வயிற்றிலேயே பல நாள் வளர்ந்த பிறகுதான் முட்டை வெளியே வருகிறது. பெரும்பாலான பாம்புகளில், முட்டையிடும் அன்றே கருவின் தலை தெரியும், இதயம் துடிக்கும். நம் முதுகெலும்பில் 33 கண்ணிகள். பாம்புக்கோ 200-க்கும் மேல். கருவில் இவற்றுக்கான துண்டுகள் தலையிலிருந்து வால்நோக்கி ஒவ்வொன்றாகப் பிரிகின்றன. பாம்புக் கருவில், அதன் மொத்த வளர்ச்சி வேகத்தோடு ஒப்பிட்டால், அந்த வேலை மற்ற விலங்குகளைவிட வேகமாக நடப்பதை 2008-ல் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள்.

உணவு மஞ்சள் கருவிலிருந்து கிடைக்கிறது. ஆனால் தண்ணீரும் காற்றும் வெளியிலிருந்து வரவேண்டும். ஓடு தோல் போன்றது. ஈரத்தை உறிஞ்சி முட்டை பருக்கும். ஓட்டின் உட்புறம் இரத்தக்குழாய்கள் நிறைந்த சவ்வு ஒன்று படிந்து, கருவுக்காக மூச்சு விடுகிறது. கோழி முட்டையில் மஞ்சள் கருவை இருபுறமும் தாங்கும் வெள்ளை முறுக்குக் கயிறு பாம்பு முட்டையில் இல்லை. ஆகவே புரட்டினால் கரு சேதப்படலாம். முட்டைகளை இடம் மாற்றும் வல்லுநர்கள் மேற்புறத்தில் பென்சிலால் குறியிட்டு, அதே நிலையில் வைப்பார்கள். நானோ ஈரத்தைப் பறித்தேன், காற்றை அடைத்தேன், தினமும் புரட்டினேன்!

சாரைக்கும் நல்லபாம்புக்கும் சுமார் இரண்டு மாதத்தில் குட்டி தயார். மேலுதட்டு நுனியில் முளைத்த சிறு பல்லால் ஓட்டைக் கீறித் தலையை நீட்டும். மீதி மஞ்சள் கரு உடம்புக்குள் போகும்வரை அப்படியே இருந்துவிட்டு, பிறகுதான் வெளியே வரும். அந்தப் பல் சில நாளில் விழுந்துவிடும்.

எல்லாப் பாம்பும் முட்டையிடுவதில்லை. கண்ணாடி விரியன் குட்டியாகவே ஈனும். மலையாளிகள் ராஜவெம்பாலா என்னும் ராஜநாகமோ சருகைக் கூட்டிக் கூடு கட்டி, முட்டைகளைக் காவல் காக்கும்.

விடுமுறைக்கு ஊருக்குப் போகும் பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. ஏப்ரல், மே மாதங்கள் நம் பக்கம் பல பாம்புகள் முட்டையிடும் காலம். முட்டையைக் கண்டால் தொடவேண்டாம், எரிக்கவும் வேண்டாம். எந்தப் பாம்பின் முட்டை என்று நமக்குத் தெரியாது. நல்லபாம்புக் குட்டிக்குப் பிறந்த அன்றே விஷம் உண்டு. பிள்ளைகளை விலக்கிவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். கேரள வனத்துறையின் 'சர்ப்பா' கைபேசிச் செயலி வழியே பயிற்சி பெற்றவர்களை அழைக்கலாம்.

அந்தச் சிறுமிக்கு நான் சொன்னது இதுதான்: "முட்டைக்குள் இதயம் துடிக்கும் ஒரு குட்டி இருந்திருக்கும், கண்ணு. சாரையாக இருந்தால், தாத்தாவின் வயலில் எலி பிடித்திருக்கும். அடுத்த லீவில் தாத்தாவிடம் நீயே சொல்லு."