எஞ்சினுக்கும் மெட்டி உண்டு!

தோசை வார்க்கத் தெரிந்தவர்களுக்கு எண்ணெயின் இரகசியத்தைப் புதிதாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. கல் காய்ந்ததும் பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டு ஒரு சுற்றுத் தேய்க்கிறோம். தேய்க்காவிட்டால் தோசை கல்லோடு ஒட்டிக்கொண்டு, வரமாட்டேன் என்று அடம் பிடிக்கிறது. எண்ணெய் கூடிப் போனாலோ மாவு கல்லில் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. அடுப்படி முழுவதும் புகை. இரண்டுக்கும் நடுவே ஓர் அளவு இருக்கிறது. அது கைக்குத்தான் தெரியும்.

இதே சாமர்த்தியத்தை ஒரு நிமிஷத்தில் ஆயிரத்தைந்நூறு தடவை செய்து காட்டும் சிறிய சாமான் ஒன்று உண்டு. காரிலும் லாரியிலும் டிராக்டரிலும் யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்திருக்கிறது அது. அதன் பெயர் ஆயில் ரிங். அதைக் கண்ணால் பார்த்தவர்கள் நம்மில் மிகச் சிலர். அது கெட்டுப் போனதால் வந்த பில்லைப் பார்த்தவர்களோ ஏராளம்!

நெல் அரிசியாகும் ஊர்

காரைக்குடியிலிருந்து அறந்தாங்கி போகும் வழியில் இருக்கிறது புதுவயல். ரயிலில் போகிறவர்கள் இரண்டு ஊர்ப் பெயரும் சேர்ந்த ‘கண்டனூர் புதுவயல்’ நிலையத்தில் இறங்க வேண்டும். செட்டிநாடு என்றதும் பெரிய பெரிய வீடுகளும், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும், சீப்புச் சீடையும் நமக்கு ஞாபகம் வரும். வியாபாரிகளுக்குப் புதுவயல் என்றதும் ஞாபகம் வருவது அரிசி ஆலை. நெல்லை ஊற வைத்து, அவித்து, உலர்த்தி, அரைத்து, மூட்டை கட்டி அனுப்பும் ஊர் அது.

மின்சாரம் எட்டிப் பார்க்காத காலத்தில் நம் ஊர்ப்பக்கத்து ஆலைகள் பலவற்றை இழுத்தது ஆயில் எஞ்சின்தான். ஆள் உயரச் சக்கரமும், நீளமான பெல்ட்டும், ‘டுப் டுப்’ என்ற சத்தமுமாக அது ஒரு தனி ராஜாங்கமே நடத்திற்று. இப்போது ஆலைகளை மின்சார மோட்டார் சுழற்றுகிறது. ஆனால் எஞ்சின் விடைபெற்றுக்கொண்டு போய்விடவில்லை. வயலில் நெல்லை அறுக்கிற யந்திரத்தில் இருக்கிறது. நெல்லைச் சுமந்து வரும் லாரியில் இருக்கிறது. மின்சாரம் நின்றதும் முழங்க ஆரம்பிக்கும் ஜெனரேட்டரில் இருக்கிறது. ஆலை வேலைக்குப் போகும் பெண்ணை ஏற்றிச் செல்லும் மொபெட்டிலும் இருக்கிறது. நம் இலையில் விழும் சோற்றுக்குப் பின்னால் எத்தனை எஞ்சின்கள் பாடுபட்டிருக்கின்றன, பாருங்கள்!

வாய் திறந்த வளையம்

எஞ்சினுக்குள் சிலிண்டர் என்று உருளையான ஒரு கூடு. அதற்குள் கவிழ்த்து வைத்த டம்ளரைப் போல ஒரு பிஸ்டன். டம்ளரின் தலைக்கு மேலே எரிபொருள் எரிகிறது. அந்த வேகத்தில் பிஸ்டன் கீழே தள்ளப்படுகிறது, சக்கரம் சுழல்கிறது.

பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுக்கமாக இருந்தால் சூட்டில் விரிந்து சிக்கிக்கொள்ளும். தளர்ச்சியாக இருந்தால் மேலேயுள்ள வாயு கீழே ஓடிவிடும். கீழேயுள்ள எண்ணெய் மேலே ஏறிவிடும். இந்தச் சங்கடத்துக்குப் பரிகாரம்தான் ரிங். பிஸ்டனைச் சுற்றிலும் பள்ளம் வெட்டி, அதில் வளையத்தை மாட்டுகிறார்கள். அது முழு வட்டமான வளையம் அல்ல. மெட்டியைப் போல வாய் திறந்த வளையம்! விரலின் பருமனுக்குத் தக்கபடி மெட்டி விரிந்து கொடுத்து உள்பக்கமாகப் பிடித்துக்கொள்கிறது அல்லவா? ரிங்கும் அப்படியே விரிந்து, வெளிப்பக்கமாகச் சிலிண்டர் சுவரை அழுத்திக்கொண்டு நிற்கிறது.

இந்த யோசனை நீராவி எஞ்சின் காலத்தது. அதற்கு முன்பெல்லாம் பிஸ்டனைச் சுற்றிச் சணல் கயிற்றைத் திணித்து வைப்பார்கள். 1852-ஆம் வருஷம் இங்கிலாந்தில் ரயில் எஞ்சின்களை மேற்பார்த்து வந்த ஜான் ராம்ஸ்பாட்டம் என்பவர், கயிற்றுக்குப் பதிலாக வாய் பிளந்த உலோக வளையத்தைக் கொண்டு வந்தார். பெட்ரோலும் டீசலும் வந்து, எஞ்சின் எத்தனையோ ரூபங்கள் எடுத்த பிறகும் அந்த வாய் திறந்த வளையம் மட்டும் மாறவில்லை.

மூன்றாவது ரிங்

சாதாரணமாக ஒரு பிஸ்டனுக்கு மூன்று ரிங்குகள். மேலே உள்ளது வாயுவைக் கீழே விடாமல் காவல் காக்கிறது. இரண்டாவது அதற்குத் துணை. கொஞ்சம் எண்ணெயையும் வழிக்கிறது. மூன்றாவதுதான் நம்முடைய ஆயில் ரிங்.

எஞ்சின் ஓடும்போது கீழேயிருந்து எண்ணெய் சிலிண்டர் சுவரில் தெறித்துக்கொண்டே இருக்கிறது. பிஸ்டன் இறங்கும்போது ஆயில் ரிங் அதை வழித்துக்கொண்டு வருகிறது. வழித்த எண்ணெய் ரிங்கில் உள்ள துவாரங்களின் வழியே பிஸ்டனுக்கு உள்பக்கம் போய், மறுபடியும் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியில் விழுந்துவிடுகிறது. ஆனால் சுவரைத் துடைத்துச் சுத்தமாக்கிவிட்டால் ஆபத்து. இரும்பும் இரும்பும் உராய்ந்து எஞ்சினே இறுகிப் போகும். ஆகையால் தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இராத ஒரு மெல்லிய படலத்தை விட்டுவிட்டுப் பாக்கியை வழிக்க வேண்டும். வெங்காயத்தால் கல்லைத் தேய்க்கிற வித்தை இதுதான்!

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் நாட்டு ஜெனரேட்டர்கள் பெரும்பாலும் நிமிஷத்துக்கு 1,500 சுற்றுச் சுற்றுகிறவை. அப்படியானால் ஆயில் ரிங் ஒரு மணி நேரத்தில் 90,000 தடவை சுவரை வழிக்கிறது. ஆயிரம் தடவைக்கு ஒரே ஒரு சொட்டைத் தவறவிட்டால்? மணிக்கு 90 சொட்டு. இருபது சொட்டை ஒரு மில்லி லிட்டர் என்று வைத்துக்கொண்டால், நூறு மணி நேரத்தில் 450 மில்லி லிட்டர் எண்ணெய் புகையாகப் போயிருக்கும். இது ஒரு சிலிண்டருக்கு மட்டும். நாலு சிலிண்டர் எஞ்சினாக இருந்தால் ஏறக்குறைய இரண்டு லிட்டர்!

செம்பியமும் காரைக்குடியும்

இவ்வளவு நுணுக்கமான சாமானை எங்கே செய்கிறார்கள்? சீமையிலிருந்துதான் வர வேண்டும் என்றிருந்த காலம் ஒன்று உண்டு. சென்னையில் தொழிலதிபர் அனந்தராமகிருஷ்ணன் 1949-ல் ‘இந்தியா பிஸ்டன்ஸ்’ என்ற தொழிற்சாலையைச் செம்பியத்தில் ஏற்படுத்தினார். பிஸ்டனும் ரிங்கும் நம் ஊரிலேயே உருவாகத் தொடங்கின. அந்தக் குடும்பத்துக் கம்பெனிகளின் வழியில் 1991-ல் ‘ஐ.பி. ரிங்ஸ்’ பிறந்தது. ஜப்பானின் நிப்பான் பிஸ்டன் ரிங் கம்பெனியின் தொழில்நுட்ப உதவியோடு மறைமலை நகரில் ரிங் செய்வதற்கென்றே ஏற்பட்டது அது.

ரிங் என்பது வெறும் வார்ப்பிரும்பு அல்லது எஃகு. சுவரோடு உராயும் அதன் விளிம்பு சீக்கிரம் தேயாமலிருக்கப் பல ரிங்குகளுக்குக் கெட்டியான குரோமிய முலாம் பூசுவது வழக்கம். மின்சாரத்தைக் கொண்டு முலாம் பூசும் இந்தக் கலையைப் பற்றி ஆராய்கிற பெரிய கூடம், புதுவயலுக்குப் பக்கத்திலேயே காரைக்குடியில் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்தான் அது. 1948 ஜூலை 25-ஆம் தேதி நேருஜி அஸ்திவாரக் கல் நாட்டினார். 1953 பொங்கல் சமயத்தில் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். குரோமிய முலாம் போடும் திரவம் உடம்புக்குக் கெடுதல் செய்யக்கூடிய விஷம். அதனால் வேறு வகைப் பூச்சுகளும் இப்போது பழக்கத்துக்கு வந்திருக்கின்றன.

நீலப் புகையின் சேதி

இனி, வீட்டுக்கு வேண்டிய சமாசாரம். நம் வண்டியின் ரிங் நன்றாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? புகையைப் பாருங்கள். கரும்புகை என்றால் எரிபொருள் அதிகம், அல்லது காற்று போதவில்லை. காலையில் கிளப்பும்போது சற்று நேரம் வெள்ளையாக வந்து மறைவது பெரும்பாலும் நீராவி, பயமில்லை. நீலம் கலந்த புகை வந்தால் மட்டும் எண்ணெய் எரிகிறது என்று அர்த்தம்.

நீலப் புகை வந்ததுமே ரிங்கின் மேல் பழி போட்டுவிடவும் கூடாது. வெகு நேரம் நின்ற வண்டியைக் கிளப்பும்போது மட்டும் நீலம் தட்டினால், பெரும்பாலும் மேலேயுள்ள வால்வின் ரப்பர் சீல் கசிகிறது. அது சின்ன வேலை. வேகம் எடுக்கும்போதெல்லாம் நீலமாகத் தள்ளினால் ரிங்கைச் சந்தேகிக்கலாம். இந்தப் பக்கத்துப் பட்டறைகளில் நடக்கக்கூடிய சம்பாஷணை ஒன்று:

“ரிங் போயிருச்சு ஆச்சி. எஞ்சினை இறக்கித்தான் பாக்கணும்.”

“ஒரு ரிங்குக்காகவாப்பா இம்புட்டுச் செலவு?”

ஆச்சி கேட்பது நியாயந்தான். ரிங்கின் விலை கொஞ்சம். அதை எட்டுவதற்காக எஞ்சினைப் பிரித்து மாட்டும் கூலிதான் பெரிது. ஆகவே பிரிப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். பெட்ரோல் எஞ்சினானால் பிளக்கைக் கழற்றி, உள்ளே எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்று மீட்டரால் பார்ப்பார்கள். அது குறைவாக இருந்தால் அந்தத் துவாரத்தில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயிலை விட்டு மறுபடியும் பார்ப்பார்கள். அழுத்தம் ஏறினால் குற்றம் ரிங்கிலோ சிலிண்டர் சுவரிலோ இருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு முதலான வேறு இடத்தில் தேட வேண்டும். ஒரு ஸ்பூன் எண்ணெயில் ஒரு பெரிய செலவு மிச்சமாகலாம்!

ரிங்கை மாற்றியே தீர வேண்டும் என்றாலும் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஓடி ஓடி வழவழப்பாகிப் போன சிலிண்டர் சுவரில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் போட்டுக் கொடுக்க வேண்டும். அம்மி கொத்துகிற மாதிரிதான். கோடு இல்லாத சுவரில் எண்ணெய் தங்காது. புது ரிங்கும் படிந்து வராது. இரண்டாவது, ரிங்கில் மேல்பக்கம் எது என்று அடையாளம் இருக்கும். சரிவாகச் செய்த இரண்டாவது ரிங்கைத் தலைகீழாக மாட்டிவிட்டால், அது எண்ணெயைக் கீழே வழிப்பதற்குப் பதிலாக மேலே ஏற்றும். மூன்று ரிங்குகளின் வாயும் ஒரே நேர்கோட்டில் இல்லாமல் தள்ளித் தள்ளி வைப்பதும் நல்ல கைகாரரின் வழக்கம்.

மொபெட் வைத்திருப்பவர்களுக்கு

1980-ல் வந்த டி.வி.எஸ். 50-ஐ அறியாத தமிழ்நாட்டு வீடு உண்டா? பால் கறப்பவரும் பள்ளிக்கூட டீச்சரும் அதில் போனார்கள். அந்த மாதிரி டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் பெட்ரோலிலேயே எண்ணெய் கலந்திருக்கும். பெட்ரோலோடு அதுவும் எரிந்து போகும். வழிப்பதற்கு ஒன்றுமில்லாததால் அங்கே ஆயில் ரிங்கும் கிடையாது. புகை அந்த வண்டியின் சுபாவம்.

2015-ல் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினுடன் எக்ஸ்.எல். 100 வந்தது. மொபெட்டுக்குள்ளும் ஆயில் ரிங் குடியேறிற்று. புகை குறைந்தது. ஆனால் வீட்டுக்கு ஒரு புதுப் பொறுப்பும் வந்தது. முன்பு பெட்ரோல் போடும்போதே எண்ணெய் விஷயம் முடிந்துவிடும். இப்போது எண்ணெய் எஞ்சினின் அடியில் தனியாக இருக்கிறது. அதை யாராவது நினைத்துக்கொண்டு அளவு பார்க்க வேண்டும். நாள் தவறாமல் மாற்ற வேண்டும்.

மாற்றாவிட்டால் என்ன ஆகும்? பழைய எண்ணெய் சூட்டில் வெந்து கசடாகிறது. அடுப்பில் மறந்து விட்ட வாணலியைப் போல ரிங்கின் துவாரங்களில் கரி பிடிக்கிறது. துவாரம் அடைத்தபின் ரிங் பள்ளத்திலேயே ஒட்டிக்கொள்கிறது. வழித்த எண்ணெய்க்குப் போக வழியில்லை. மேலே ஏறி எரிகிறது. தொட்டியில் எண்ணெய் குறையக் குறையச் சூடு ஏறுகிறது; கரி இன்னும் பிடிக்கிறது. சில நூறு ரூபாய் எண்ணெயில் மிச்சம் பிடித்தவர், கடைசியில் எஞ்சினுக்கே அழ வேண்டியதுதான். அந்த ஒரு வண்டியை நம்பிப் பிழைக்கும் குடும்பத்துக்கு வண்டி பட்டறையில் நிற்கும் நாளெல்லாம் கூலியும் நஷ்டம்.

பணம் மட்டுமல்ல விஷயம். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012 ஜூனில் உறுதியாகவே அறிவித்துவிட்டது. ரிங் தேய்ந்த எஞ்சினின் புகையில் எரிந்த எண்ணெயும் சேர்ந்துகொள்கிறது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 சட்டம் வந்த பிறகு, புது டீசல் கார்களிலும் லாரிகளிலும் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி வைக்கிறார்கள். எரிந்த எண்ணெயின் சாம்பல் அந்த வடிகட்டியையும் அடைத்துவிடும். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருப்பவரும், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் நெல் கிளறுபவரும், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்பவரும் இந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள்.

ஆகவே, சகோதரிகளே, மளிகைச் சாமான் கணக்கு எழுதுகிற நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை வண்டிக்கும் ஒதுக்கி வையுங்கள். எண்ணெய் மாற்றிய தேதி ஒரு வரி. அப்போது மீட்டர் காட்டிய கிலோமீட்டர் ஒரு வரி. அடுத்து எப்போது மாற்ற வேண்டும் என்று, வண்டியோடு வந்த புத்தகத்தைப் பார்த்து ஒரு வரி. மாதத்தில் ஒரு நாள் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எண்ணெய்க் குச்சியை எடுத்துத் துடைத்து அளவு பாருங்கள். “எஞ்சின் விஷயம் உனக்கு என்ன தெரியும்?” என்று வீட்டுக்காரர் கேட்டால், “எண்ணெய் விஷயம் எனக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டு, தோசைக் கரண்டியைக் காட்டுங்கள்!