பி.பி. நார்மல்... ஆனாலும் மூச்சு வாங்குதா? நுரையீரல் ரத்த அழுத்தத்தை முன்பே காட்டிக் கொடுக்கும் ‘எக்கோ’

தண்டலம்:
நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குது. ஷிப்டு முடிஞ்சு கம்பெனி பஸ்சை பிடிக்க ஓடினால் நெஞ்சு படபடக்குது. டாக்டரிடம் போனால் பி.பி. நார்மல், சுகர் நார்மல். ‘ரத்தம் கம்மியா இருக்கும்’ என்று சத்து மாத்திரையோடு வீட்டுக்கு வந்து விடுகிறோம்.

தண்டலம், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்கு போகும் பலருக்கும் இது பழகிப்போன கதைதான். பெரும்பாலும் ரத்தசோகை, ஆஸ்துமா, தூக்கம் இல்லாத நைட் ஷிப்டு என்று ஏதாவது ஒரு காரணம் இருக்கும். ஆனால் சிலருக்கு மட்டும் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. இதயத்தில் இருந்து நுரையீரலுக்கு போகும் ரத்தக்குழாயில் அழுத்தம் ஏறியிருக்கும். இதைத்தான் ‘நுரையீரல் ரத்த அழுத்த நோய்’ என்கிறார்கள்.

கையில் பார்க்கும் பி.பி. வேறு

இதயத்தின் இடது பக்கம் உடம்பு முழுக்க ரத்தத்தை அனுப்புகிறது. கையில் பட்டை கட்டி பார்ப்பது அந்த அழுத்தத்தைத்தான். வலது பக்கம் நுரையீரலுக்கு மட்டும் ரத்தம் அனுப்புகிறது. அங்கே அழுத்தம் ரொம்ப குறைவு. ஆரோக்கியமானவருக்கு சராசரியாக 14 மி.மீ. அளவில்தான் இருக்கும். இந்த சராசரி 20-ஐ தாண்டினாலே நோய் என்கிறது 2022-ல் வந்த ஐரோப்பிய மருத்துவ வழிகாட்டுதல். அதற்கு முன் 25-ஐ தொட்டால்தான் நோய் என்றார்கள். இப்போது அந்த அளவை குறைத்திருக்கிறார்கள்.

ஆக, கையில் பார்த்த பி.பி. 120/80 என்று இருந்தாலும் நுரையீரல் பக்கம் அழுத்தம் எகிறிக் கிடக்கலாம். அதை எதிர்த்து தள்ளித் தள்ளியே வலது பக்க இதயம் வீங்கி, ஒரு கட்டத்தில் ஓய்ந்து போகும். கால் வீக்கம், மயக்கம், உதடு நீலம் ஆவது எல்லாம் முற்றிய பிறகு வருபவை. மூச்சு வாங்க ஆரம்பித்ததில் இருந்து நோயை கண்டுபிடிக்க 2 ஆண்டுக்கு மேல் ஆகி விடுகிறது என்பது வெளிநாட்டு ஆய்வுகளில் தெரிய வந்த உண்மை.

யாருக்கு வரும்?

கேரளாவில் 50 ஆஸ்பத்திரிகளில் சுமார் 2 ஆயிரம் நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு 2018-ல் வெளியானது. அதில் 100-க்கு 59 பேருக்கு இடது பக்க இதயக் கோளாறுதான் மூல காரணம். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சலால் வால்வு சுருங்கியவர்கள், பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை உள்ளவர்கள், ரொம்ப நாள் பீடி, சிகரெட் பிடித்து நுரையீரல் கெட்டவர்கள், கல்குவாரி, கிரஷர், பவுண்டரி தூசியை வருடக்கணக்கில் சுவாசித்தவர்கள், நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்தவர்கள் எல்லாம் உஷாராக இருக்க வேண்டும். காரணமே தெரியாமல் இளம்பெண்களுக்கு வருவதும் உண்டு.

கப்பல் பட்டறையில் இருந்து வந்த கருவி

இதை முதலில் காட்டிக் கொடுப்பது ‘எக்கோ’ டெஸ்ட். கம்பெனியில் வெல்டிங் செய்த இடத்தில் உள்ளே விரிசல் இருக்கிறதா என்று அல்ட்ராசவுண்ட் கருவி வைத்து பார்ப்பார்களே, எக்கோ பிறந்ததும் அங்கிருந்துதான். 1953-ல் சுவீடன் நாட்டில் ஹெர்ட்ஸ் என்ற விஞ்ஞானி, மால்மோ நகர கப்பல் கட்டும் தளத்தில் இருந்த இரும்பு சோதிக்கும் கருவியை இரவல் வாங்கி வந்தார். அதை டாக்டர் எட்லருடன் சேர்ந்து மனித இதயத்தின் மேல் வைத்து பார்த்தார்.

ஊசி கிடையாது, கதிர்வீச்சு கிடையாது. நெஞ்சில் ஜெல் தடவி பார்ப்பார்கள். அரை மணி நேரத்தில் முடிந்து விடும். இதயத்தின் வலது பக்க வால்வில் லேசாக கசியும் ரத்தம் எவ்வளவு வேகத்தில் பீய்ச்சுகிறது என்று அளப்பார்கள். தண்ணீர் பைப்பில் அழுத்தம் கூடினால் வேகமாக பீய்ச்சும் அல்லவா, அதே கணக்குதான். வினாடிக்கு 2.8 மீட்டரை தாண்டினால் சந்தேகம். 3.4 மீட்டரை தாண்டினால் நோய்க்கு வாய்ப்பு அதிகம்.

பழைய சி.டி. ரிப்போர்ட்டை எடுங்க

வேறு எதற்காகவோ நெஞ்சு சி.டி. ஸ்கேன் எடுத்திருந்தால் அதிலும் துப்பு கிடைக்கலாம். நுரையீரல் தமனி 29 மி.மீ.க்கு மேல் அகலமாக இருந்தாலோ, பக்கத்தில் உள்ள மகாதமனியை விட பெரிதாக தெரிந்தாலோ டாக்டரிடம் கட்டாயம் கேட்க வேண்டும். எக்ஸ்ரேயிலும் குழாய் புடைத்து தெரியலாம். ஆனால் ஆரம்ப கட்டத்தில் எக்ஸ்ரே சரியாகவே இருக்கும். அதனால் கம்பெனி மெடிக்கல் செக்கப்பில் எக்ஸ்ரே நார்மல் என்று வந்ததும் விட்டுவிடக் கூடாது.

எக்கோ சொல்வது கணிப்புதான். உறுதி செய்ய, ரத்தக்குழாய் வழியாக மெல்லிய டியூபை வலது இதயத்துக்குள் செலுத்தி அழுத்தத்தை நேரடியாக அளப்பார்கள். ரத்தக்கட்டி சந்தேகம் இருந்தால் தனி ஸ்கேன் உண்டு. அந்த வகையை ஆபரேஷன் செய்து குணமாக்கவும் வாய்ப்பு இருக்கிறது. வால்வு சுருக்கம் என்றால் வால்வை சரி செய்தாலே அழுத்தம் இறங்கும். காரணத்துக்கு தகுந்தபடி வைத்தியம் மாறும். அடுத்தவர் மாத்திரையை வாங்கி சாப்பிட்டால் ஆபத்து.

பெண்கள் கவனத்துக்கு

இந்த நோய் இருப்பது தெரியாமல் கர்ப்பம் தரித்தால் தாயின் உயிருக்கே ஆபத்து. காரணம் இல்லாமல் மூச்சு வாங்கும் பெண்கள், கல்யாணத்துக்கு முன்போ குழந்தை பெற முடிவு செய்யும் முன்போ ஒரு எக்கோ எடுத்து விடுவது நல்லது.

எங்கே போகலாம்?

இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்கள், காண்டிராக்ட் தொழிலாளர்கள் உட்பட, இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் காட்டி பெரிய ஆஸ்பத்திரிக்கு சீட்டு கேட்கலாம். சென்னை கே.கே.நகரில் இ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. இல்லாதவர்களுக்கு செங்கல்பட்டு, சென்னை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள் உண்டு. தண்டலத்திலேயே தனியார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியும் இருக்கிறது.

மூச்சு வாங்குவதை சொன்னால் வேலை போய்விடுமோ என்று பயந்து மறைப்பவர்கள்தான் அதிகம். மறைத்தால் நோய் முற்றும், அப்புறம் வேலையே செய்ய முடியாது. ரத்தசோகைக்கு மாத்திரை சாப்பிட்டும் ஒரு மாதத்தில் மூச்சு வாங்குவது குறையவில்லையா? டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘சார், ஒரு எக்கோ எடுத்து பார்க்கலாமா?’