பதவிக்குப் பின் – 17: முதலில் கையை விடுவது யார்?

ராஜாஜி 1954-ல் கோட்டையை விட்டு வெளியே வந்த கதையோடு போன வாரம் நிறுத்தினோம். அரைநேரப் படிப்புத் திட்டமும் அதற்கு எழுந்த எதிர்ப்பும் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு நினைவிருக்கும்; மறுபடி சொல்லப்போவதில்லை. இந்த வாரம் தி.மு.க.வோடு அவர் வைத்த 1967 கூட்டணியைப் பற்றி எழுதுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். ஆனால் 1962 செப்டம்பர் 28, ஒரு வெள்ளிக்கிழமை, குறுக்கே வந்து நிற்கிறது. அன்று வெள்ளை மாளிகையில் கென்னடியின் எதிரே வேட்டியும் துண்டுமாக உட்கார்ந்திருந்தவருக்கு வயது 83. மேற்கு நாடு எதிலும் அதற்குமுன் அவர் காலடி வைத்ததில்லை. காந்தி அமைதி நிறுவனத்தின் தூதுக்குழுத் தலைவர் என்பதைத் தவிர அவர் கையில் எந்த அதிகாரமும் கிடையாது. உடன் வந்தவர்கள் ஆர்.ஆர். திவாகரும் பி. சிவராவும். ஒதுக்கப்பட்டிருந்தது அரைமணிக்கும் குறைவான நேரம். பேச்சு ஒரு மணி நேரத்தைத் தாண்டியது. கேட்டது ஒன்றே ஒன்று: அணுகுண்டுச் சோதனைகளை அமெரிக்கா நிறுத்த வேண்டும், ரஷ்யா நிறுத்தட்டும் என்று காத்திராமல்.

அந்தச் சோதனைகள் எப்படிப்பட்டவை என்று தேடப்போனதில்தான் இந்த வாரத்து இடம் பறிபோனது. அதே ஆண்டு ஜூலை 9 அன்று, பசிபிக் கடலில் ஜான்ஸ்டன் தீவுக்கு மேலே சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் அமெரிக்கா ஒரு குண்டை வெடித்தது. பெயர் ஸ்டார்ஃபிஷ் பிரைம். வலிமை 1.4 மெகாடன், ஹிரோஷிமாவில் போட்டதைப்போலக் கிட்டத்தட்ட நூறு மடங்கு. அங்கிருந்து 1,400 கிலோமீட்டர் தள்ளியிருந்த ஹவாயில் நூற்றுக்கணக்கான தெருவிளக்குகள் அணைந்தன. திருட்டைத் தடுக்க வைத்திருந்த மணிகள் தாமாக அலறின. இரவு வானம் நிறம் மாறியது. மறுநாள் விண்ணில் ஏறிய டெல்ஸ்டார், அட்லாண்டிக் கடலைத் தாண்டித் தொலைக்காட்சிப் படம் காட்டிய முதல் செயற்கைக்கோள், இந்தக் குண்டு விட்டுப்போன கதிர்வீச்சில் அடிபட்டுச் சில மாதங்களில் முடங்கியது. பிரிட்டனின் முதல் செயற்கைக்கோளான ஏரியலும் தப்பவில்லை. எதிரியுடையது அல்ல, நட்பு நாட்டுடையது! அதற்குமுன் 1961 அக்டோபரில் ரஷ்யா வடதுருவப் பக்கம் வெடித்தது 50 மெகாடன். அன்றைய இந்தியாவில் ஒரு மில் முதலாளி கூடுதலாகக் கதிர்கள் போட டெல்லியின் அனுமதிக் காகிதம் வேண்டும். ஆகாயத்தையே பற்றவைக்க இந்த இரண்டு அரசுகளுக்கும் எவருடைய காகிதமும் வேண்டியிருக்கவில்லை.

அனுமதிக் காகிதத்தையும் அணுகுண்டையும் அடுத்தடுத்து வைப்பது பலருக்கு உறுத்தும். ராஜாஜியின் பிற்காலத்தை நாம் இரண்டு அலமாரிகளில் பிரித்து வைத்துப் பழகிவிட்டோம். உள்நாட்டு விஷயத்தில் அவர் வலதுசாரி, முதலாளிகளின் நண்பர், நேருவின் திட்டமிடலுக்குப் பகைவர். வெளிநாட்டு விஷயத்தில் சமாதான இயக்கக்காரர். அவருடைய அணுகுண்டு எதிர்ப்பு இடதுசாரிகளுக்கும் இனித்தது. கட்சி அரசியல் கசந்தபின் முதியவர் பிடித்துக்கொண்ட உலகக் கவலை என்று இரண்டாவதைத் தள்ளிவைப்பவர்களும் உண்டு. எனக்கு இது ஒரே வாதத்தின் இரண்டு பக்கங்களாகவே படுகிறது. பயத்தால் இறுகிக் கிடக்கும் ஒரு ஏற்பாட்டைக் கலைக்க வேண்டுமானால், அதில் வலுவானவன்தான் முதலில் கையை விட வேண்டும் என்பது அந்த வாதம். அவர் அதைப் புத்தகத்திலிருந்து எடுக்கவில்லை. அரிசிக் கடையில் சோதித்துப் பார்த்திருந்தார்.

1952 ஏப்ரலில் அவர் முதலமைச்சரானபோது சென்னை ராஜ்யத்தில் போர்க்காலத்து உணவுக் கட்டுப்பாடு தொடர்ந்துகொண்டிருந்தது. ரேஷன் அட்டை, அளவு, விவசாயியிடம் கட்டாயக் கொள்முதல், நெல்லை ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் கொண்டுபோகப் பர்மிட், வழியெல்லாம் சோதனை. பதுக்கல் இருப்பதால் கட்டுப்பாடு என்றது அரசாங்கம். கட்டுப்பாடு இருப்பதால்தான் பதுக்குகிறோம் என்று ஊர் சொல்லவில்லை, செய்து காட்டியது. சட்டசபையில் 375 இடங்களில் 152 மட்டுமே வென்ற காங்கிரஸ், பல சிறு கட்சிகளின் தயவில் நின்ற மந்திரிசபை. அப்படிப்பட்ட அரசு அரிசியில் விளையாடலாமா என்று அதிகாரிகள் தயங்கினார்கள். ஜூன் மாதம் ராஜாஜி கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார். பஞ்சம் வரவில்லை; ஒளித்து வைத்திருந்த நெல் சந்தைக்கு வந்தது. மத்திய உணவு மந்திரி ரஃபி அகமது கித்வாய் துணை நின்றார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் நாடு முழுவதுமே அந்த வழிக்கு வந்தது. அதிர்ஷ்டமும் கைகொடுத்தது என்று வாதிடலாம். இருக்கட்டும். ஆனால் அவர் கவனித்தது வேறொன்றை: ஆளாளுக்கு அரிசியை ஒளித்தது பேராசையால் மட்டுமல்ல, அடுத்தவன் ஒளிப்பான் என்ற பயத்தாலும்தான். அந்தப் பயத்துக்குத் தீனி போட்டது கட்டுப்பாடு. அதை எடுக்கும் சக்தி ஒரே தரப்பிடம்தான் இருந்தது. 1959 ஜனவரியில் நாகபுரி காங்கிரஸ் கூட்டுப் பண்ணைத் தீர்மானம் போட்டபின், ஜூனில் சென்னையில் சுதந்திரா கட்சியை அறிவித்து 80 வயதில் அவர் திரும்பிவந்ததும், லைசென்ஸ்-பர்மிட்-கோட்டா ராஜ்யம் என்று ஓயாமல் சாடியதும் இதன் நீட்சிதான். தொழிற்சாலை தொடங்க, பெருக்க, புதுப்பொருள் செய்ய, இடம் மாற்ற எல்லாவற்றுக்கும் 1951-ம் ஆண்டுச் சட்டப்படி லைசென்ஸ். கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பயத்தில் பெரிய கம்பெனிகள் தேவைக்கு மேல் லைசென்ஸ் வாங்கிப் பூட்டி வைத்தன. அரிசிக்கு நடந்ததே காகிதத்துக்கும் நடந்தது.

இப்போது அணுகுண்டுக்குப் போவோம். அதுவும் பதுக்கல்தான். நான் வைத்திருக்கவில்லை என்றால் அவன் வைத்திருப்பான் என்று இரண்டு வல்லரசுகளும் குவித்தன. இருவரும் ஒரே நொடியில் நிறுத்த ஒப்பந்தம் போடுவோம் என்று ஜெனிவாவில் ஆண்டுக்கணக்கில் பேசினார்கள். யார் யாரைச் சோதிப்பது என்பதிலேயே பேச்சு முட்டி நின்றது. யாராவது ஒருவர் நிபந்தனையில்லாமல் விட வேண்டும் என்ற ராஜாஜியின் யோசனை ராஜதந்திரிகளுக்குக் கிழவரின் உபதேசமாகத் தெரிந்ததில் வியப்பில்லை. வெள்ளை மாளிகைச் சந்திப்பு நடந்து 18 நாளில் கியூபாவில் ரஷ்ய ஏவுகணைகள் இருப்பதைக் காட்டும் படங்கள் கென்னடியின் மேசைக்கு வந்தன. (18 என்ற எண்ணைப் பார்த்ததும் மகாபாரதம் எழுதிய ராஜாஜிக்கு ஏற்ற கணக்கு என்று யாரும் கடிதம் எழுத வேண்டாம், எனக்கும் தோன்றியது.) ஆனால் அடுத்து நடந்ததைப் பாருங்கள். 1963 ஜூன் 10 அன்று கென்னடி ஒரு பல்கலைக்கழகப் பேச்சில், மற்றவர்கள் செய்யாதவரை அமெரிக்கா இனி வளிமண்டலத்தில் சோதனை நடத்தாது என்று தன்பாட்டுக்கு அறிவித்தார். ஒப்பந்தம் ஏதும் இல்லாமலே. ஆகஸ்ட் 5 அன்று மாஸ்கோவில் மூன்று நாடுகள் கையெழுத்திட்டன. ஆண்டுக்கணக்கில் நகராத வண்டி எட்டு வாரத்தில் ஊர் சேர்ந்தது. கென்னடி மனத்தை ராஜாஜி மாற்றினார் என்று நான் சொல்லவில்லை. கியூபா கொடுத்த அதிர்ச்சிக்கு அதில் பெரும் பங்கு உண்டு. நிலத்தடிச் சோதனைகளை ஒப்பந்தம் தொடவில்லை, பிரான்சும் சீனாவும் கையெழுத்துப் போடவில்லை. நடைமுறைக்கு ஒவ்வாதது என்று தள்ளப்பட்ட வழியில்தான் காரியம் நடந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

அப்படியானால் சீனா விஷயத்தில் என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். 1962 அக்டோபர் 20 அன்று சீனப் படை பாய்ந்தபோது, அணிசேராமையை விட்டு மேற்கு நாடுகளின் ஆயுத உதவியை நாடும்படி நேருவை வற்புறுத்தியவர் இதே சமாதானத் தூதர். இரட்டை வேடம் என்றார்கள். எனக்கு முரண்பாடு தெரியவில்லை. அவர் விடச்சொன்னது வலுவானவனை. இமயத்தில் வலு இந்தியாவிடம் இல்லை. இதே அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டால் கைத்தறி விஷயமும் விளங்கும். கட்டுப்பாடுகளை வெறுத்த மனிதர், வேட்டியும் சேலையும் கைத்தறிக்கே ஒதுக்கப்பட வேண்டும் என்று முதலமைச்சராக இருந்தபோது டெல்லியிடம் கேட்டார். மில்லுக்கும் நெசவாளிக்கும் நடுவில் யார் கையை விட வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

இன்னொரு ஆட்சேபத்துக்கு இவ்வளவு சுலபமாகப் பதில் சொல்ல முடியாது. 1938-ல் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கியபோது அவர் சென்னை மாகாணப் பிரதமர். வலு முழுக்க அவர் பக்கம். எதிர்த்தவர்கள் மீது, காங்கிரஸே முன்பு கண்டித்த கிரிமினல் சட்டத் திருத்தத்தை ஏவினார். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள். நடராசனும் தாளமுத்துவும் சிறைவாசத்தில் இறந்தார்கள். அவர் விடவில்லை, அவர் மந்திரிசபை போனபின் 1940 பிப்ரவரியில் கவர்னர்தான் ஆணையை எடுத்தார். 1953-ன் அரைநேரப் பள்ளித் திட்டத்திலும் விடவில்லை, 1954-ல் பதவியை விட்டார். பிற்பாடு இந்தி ஆட்சிமொழியாவதை அவரே முன்னின்று எதிர்த்தார் என்பது இந்தக் கணக்கை நேர் செய்யாது. அரிசியில் தளர்ந்த கை, பள்ளிக்கூடத்தில் ஏன் இறுகியது? அரிசியைப் பற்றி ஊருக்குத் தன்னைவிட நன்றாகத் தெரியும் என்று ஒப்புக்கொண்டவர், படிப்பைப் பற்றி அப்படி ஒப்புக்கொள்ளவில்லை என்பதே எனக்குத் தோன்றும் காரணம். வல்லரசுகளுக்கு அவர் எழுதிக்கொடுத்த மருந்தை, தன் அதிகாரத்தில் அவர் நம்பிய சீர்திருத்தங்களுக்குச் சாப்பிடவில்லை. பதவிக்குப் பின் பேசியது பதவியில் செய்ததைவிட உயர்ந்து நிற்பது இந்தத் தொடரில் புதிதல்ல. ஆனால் ராஜாஜியிடம் 1952 இருப்பதால் அவரை வெறும் வாய்ச்சொல் வீரர் பட்டியலில் சேர்க்க முடியவில்லை.

காஷ்மீரும் இதே வரிசையில்தான் வருகிறது. 1944-லேயே பாகிஸ்தான் கோரிக்கையின் சாரத்தை ஒப்புக்கொண்டு ஜின்னாவோடு பேசலாம் என்று சூத்திரம் வகுத்து வசவு வாங்கியவர், 1964 ஏப்ரலில் ஷேக் அப்துல்லா விடுதலையானதும் பெரிய நாடான இந்தியாதான் இறங்கிவர வேண்டும் என்று வாதிட்டார். மே தொடக்கத்தில் அப்துல்லா சென்னைக்கே வந்து அவரைப் பார்த்தார். பிறகு அப்துல்லா பாகிஸ்தான் போனார்; அவர் அங்கே இருக்கும்போதே மே 27 அன்று நேரு காலமானார். அந்த மூன்று வாரங்களில் யார் யாரிடம் என்ன பேசினார்கள் என்பதற்குத் தனி அத்தியாயமே வேண்டும். 1967-ல் தி.மு.க.வோடு கைகோத்த கதைக்கு அதைத் தாண்டித்தான் போக முடியும் போலிருக்கிறது. அடுத்த வாரம் அப்துல்லா. கூட்டணி அதற்கும் அடுத்த வாரம்.