எரிபொருள் முள் எதை அளக்கிறது?

அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் உள்ள வான்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனம் விமானத்தை உதிரிபாகங்களாகப் பெட்டியில் போட்டு விற்கிறது. வாங்கியவர் வீட்டு கராஜில் ரிவெட் அடித்துப் பூட்டிக்கொள்கிறார். இப்படி உருவான ஆர்.வி. விமானங்கள் பத்தாயிரத்துக்கும் மேல் பறந்திருக்கின்றன. எரிபொருள் மானி ஏறுமாறாகக் காட்டினால் காரணம் தேட வேண்டியவரும் பெரும்பாலும் கட்டியவரேதான்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அந்த முள் எரிபொருளை அளப்பதே இல்லை. இறக்கையின் முன்விளிம்பு டாங்குக்குள் ஒரு மிதவை இருக்கிறது. அது ஏறி இறங்க, மின்தடை மாறுகிறது. பரவலாகப் பயன்படும் வகையில் டாங்க் காலியென்றால் சுமார் 240 ஓம், நிறைந்தால் 33. முள் காட்டுவது இந்தத் தடையை. ஆகவே ஒயர் அறுந்தால் டாங்க் காலி என்று காட்டும். ஒயர் உரசி உலோக உடலில் பட்டால் நிறைந்திருப்பதாகக் காட்டும். இரண்டாவதுதான் ஆளைக் கொல்லும் பொய்.

சோதிப்பது எளிது. பெட்ரோல் ஆவி இல்லாத இடத்தில், மின்சாரத்தை அணைத்துவிட்டு, மிதவைக்குப் போகும் ஒயரைக் கழற்றுங்கள். மின்சாரத்தைப் போட்டால் முள் காலிக்குப் போக வேண்டும். மறுபடி அணைத்து, ஒயரை எர்த்தில் இணைத்துப் போட்டால் முழுமைக்கு ஏற வேண்டும். இரண்டும் சரியென்றால் மானியும் ஒயரும் நல்லவை; கோளாறு மிதவையிலோ அதன் எர்த்திலோ. டாங்கில் கசிவைத் தடுக்கப் பூசும் சீலன்ட் மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் எர்த் பலவீனமாகி, அந்தக் கூடுதல் தடையால் முள் குறைத்துக் காட்டும், துள்ளும். தனியாக ஓர் எர்த் ஒயர் இழுத்தால் பலருக்குத் தீர்ந்துவிடுகிறது.

எரிபொருள் அழுத்தமானி வேறு கதை. கார்புரேட்டர் பூட்டிய லைகாமிங் எஞ்சினில் 0.5 முதல் 8 பிஎஸ்ஐ வரை இருக்கலாம். சென்சாரை எஞ்சினிலேயே பூட்டினால் அதிர்வு அதைச் சீக்கிரம் கெடுக்கும். ஹோஸ் வழியாக, எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தடுப்பான ஃபயர்வாலில் பூட்டுவதே நல்லது. ஆனால் 'சென்சார்தான் போயிருக்கும்' என்ற முடிவைத் தரையில் எடுங்கள். வானத்தில் அழுத்தம் விழுந்தால் மின்பம்பைப் போட்டு, மற்ற டாங்குக்கு மாற்றி, அருகிலுள்ள ஓடுதளத்தை நோக்கித் திரும்புவதே முறை.

பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 அன்று, கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் விழுந்து இறந்தது வீட்டில் கட்டிய ஒரு லாங்-ஈஸி விமானத்தில். அதில் மிதவையும் இல்லை, ஒயரும் இல்லை. எரிபொருள் மட்டத்தை ஒரு பார்வை மானியில் கண்ணாலேயே பார்க்கலாம். ஆனால் விமானி திரும்பிப் பார்க்கும் இடத்தில் இருந்த அந்த மானியில் அளவுக்கோடுகள் இல்லை. டாங்க் மாற்றும் பிடி இடது தோளுக்குப் பின்னால், எளிதில் கை எட்டாத இடத்தில். விசாரணை அறிக்கை இரண்டையும் குறிப்பிட்டது.

உங்கள் மானிக்கு அளவு குறிப்பது ஒரு பிற்பகல் வேலைதான். வால்சக்கர விமானமென்றால் வாலைத் தூக்கிப் பறக்கும் நிலைக்குக் கொண்டுவந்து, டாங்கைக் காலிசெய்து, இரண்டிரண்டு காலனாக ஊற்றி ஒவ்வொரு முறையும் முள் நிற்குமிடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆர்.வி.யில் இறக்கை நுனி சற்று உயர்ந்திருப்பதால், உடலோரம் இருக்கும் மிதவை டாங்க் நிறையும் முன்பே மேல்தகட்டில் முட்டிவிடும். அதற்கு மேல் எவ்வளவு ஊற்றினாலும் முள் அசையாது. அந்த மேற்பகுதிக்கு அளவுக்குச்சிதான்.