பள்ளத்தாக்கின் மழையும் பன்னாட்டு ஆய்வும்

மலேசியாவில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் என்றதும் பெற்றோருக்கு முதலில் நினைவுக்கு வருவது பட்டப்படிப்புதான். 1996-இல் இயற்றப்பட்ட தனியார் உயர்கல்விச் சட்டம் வழிவிட்டதை அடுத்து, 1998-இல் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் இங்குக் கிளை தொடங்கியது. பிரிட்டனின் நாட்டிங்ஹாம் 2000-இல் வந்தது. அயல்நாட்டுப் பாடத்திட்டத்தை இங்குக் கொண்டுவரும் இவ்வகை ஏற்பாட்டைவிட, இந்த மண்ணின் சிக்கல் ஒன்றை எடுத்துக்கொண்டு இருநாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து விடை தேடும் கூட்டு ஆய்வு அதிகம் அறியப்படாதது; ஆனால் பருவநிலை மாற்றம் வாசல்வரை வந்துவிட்ட, கோலாலம்பூரை உள்ளடக்கிய கிள்ளான் பள்ளத்தாக்கிற்கு அதுவே கூடுதலாகத் தேவைப்படுகிறது.

மேற்கே மலாக்கா நீரிணைக்கும் கிழக்கே தித்திவாங்சா மலைத்தொடருக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலப்பரப்பில், கடற்காற்று உள்ளே வந்து, தார்ச்சாலைகளும் கட்டடங்களும் உமிழும் வெப்பத்தால் மேலெழும்பி, பிற்பகலில் இடிமழையாக இறங்குகிறது. கெப்போங்கில் அது கொட்டித் தீர்க்கும் வேளையில் பிரிக்பீல்ட்ஸ் காய்ந்து கிடக்கலாம். உலகப் பருவநிலை மாதிரிகள், அதாவது வளிமண்டலத்தைக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றின் வெப்பத்தையும் காற்றையும் ஈரத்தையும் கணினியில் கணக்கிடும் முறைகள், பெரும்பாலும் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் அகலக் கட்டங்களைக் கொண்டவை. ஆகவே ரவாங்கும் கிள்ளானும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடுகின்றன. 2021 டிசம்பர் 18-ஆம் தேதி ஒரு மாதத்து மழை ஒரே நாளில் பெய்து, ஷா ஆலமின் தாமான் ஸ்ரீ மூடா நீரில் மூழ்கியதற்குத் தாழ்வழுத்த மண்டலம் காரணம் என்றாலும், எந்தத் தெருவில் நீர் எவ்வளவு உயரும், யாரை எப்போது வெளியேற்ற வேண்டும் என்பவை அந்த அகலக் கட்டங்களால் சொல்ல இயலாதவை. அந்தப் பருவத்து வெள்ளங்களால் நாடு முழுவதும் 50-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இழப்பைப் புள்ளிவிவரத் துறை 610 கோடி ரிங்கிட் எனக் கணக்கிட்டது.

இந்த இடைவெளியை நிரப்பவே, யூகேஎம் எனப்படும் மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தின் தென்கிழக்காசியப் பேரிடர்த் தடுப்பு ஆய்வு மையமும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் பிரிட்டிஷ் நிலவியல் ஆய்வு நிறுவனமும் உள்நாட்டுத் துறைகளோடு சேர்ந்து, கோலாலம்பூருக்கான பல்பேரிடர் முன்கணிப்புத் தளம் ஒன்றை உருவாக்கும் திட்டத்தை 2010-களின் பிற்பகுதியில் மேற்கொண்டன. திடீர் வெள்ளம், நிலச்சரிவு, நிலம் உள்வாங்குதல், பலத்த காற்று, நகர வெப்பம், காற்று மாசு ஆகியவற்றைத் தனித்தனியே பாராமல் ஒன்றாக வைத்துப் பார்த்ததே இதன் சிறப்பு. ஏனெனில் மலைச்சரிவை நெகிழச் செய்யும் அதே மழைதான், நகரின் அடியிலுள்ள சுண்ணாம்புக்கல் பொந்துகளுக்கு மேலிருக்கும் மண்ணையும் அரிக்கிறது. கேம்பிரிட்ஜிடம் நுண்கணிப்பு முறைகள் இருந்தன. எந்தச் சரிவு எப்போது சரிந்தது, எந்த வடிகால் எங்கே அடைபடுகிறது என்ற அறிவு இங்கிருந்தது. இரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் தளம் உருவாகியிருக்காது.

யூகேஎம் தரப்பில் திட்டத்தை முன்னெடுத்த பேராசிரியர் ஜோய் ஜேக்குலின் பெரேரா, ஐபிசிசி எனப்படும் பருவநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையேயான குழுவின் ஆறாவது மதிப்பீட்டுச் சுற்றில் இரண்டாம் பணிக்குழுவின் துணைத் தலைவராக இருந்தவர். 1988-இல் அமைக்கப்பட்ட அக்குழு தானே ஆய்வு நடத்துவதில்லை, வெளியான ஆய்வுகளை மதிப்பிட்டே அறிக்கை எழுதுகிறது. எனவே கோலாலம்பூரைப் பற்றி ஆய்விதழ்களில் கட்டுரைகள் வராவிட்டால், உலக அறிக்கையில் இந்நகரத்தின் பாடு இடம்பெற வழியில்லை.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. இத்திட்டத்துக்குத் துணைநின்ற நியூட்டன்-உங்கு ஓமார் நிதி, பிரிட்டனின் வெளிநாட்டு வளர்ச்சி உதவியிலிருந்து பிரிட்டன் பங்கைப் பெற்றது. 2021-இல் பிரிட்டன் அந்த உதவியைத் தேசிய வருமானத்தின் 0.7 விழுக்காட்டிலிருந்து 0.5 விழுக்காடாகக் குறைத்தபோது, உலகெங்கும் ஆய்வுத் திட்டங்கள் நடுவழியில் தடுமாறின. லண்டனில் போடப்படும் வரவுசெலவுக் கணக்கைச் சார்ந்து கோலாலம்பூரின் வெள்ள எச்சரிக்கை இருக்கக்கூடாது.

பருவநிலை, வணிகத்தையும் தொடுகிறது. ரவாங்கிலுள்ள சிமெண்டு ஆலை போன்றவற்றில் சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுடும்போது எரிபொருளிலிருந்து மட்டுமன்றிக் கல்லிலிருந்தே கரியமில வாயு வெளியாகிறது. உலகக் கரியமில வாயு வெளியீட்டில் 7 முதல் 8 விழுக்காடு சிமெண்டினுடையது. சிமெண்டு, எஃகு, அலுமினியம் முதலிய இறக்குமதிகளுக்கு அவற்றின் உற்பத்தியில் வெளியான கரியமில வாயுவைக் கணக்கிட்டு விலை வைக்கும் முறையை ஐரோப்பிய ஒன்றியம் 2026-இல் முழு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மலேசியாவும் எஃகுக்கும் எரிசக்தித் துறைக்கும் கரிம வரி விதிக்கப்போவதாக 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தது. இத்தகைய விதிகளை ஆராய வானிலையாளர் மட்டும் போதாது, பொருளியலாளரும் சட்ட அறிஞரும் வேண்டும். ஜெஃப்ரி சியா அறநிறுவனத்தின் 1 கோடி அமெரிக்க டாலர் நன்கொடையால் சன்வே பல்கலைக்கழகத்தில் 2016-இல் தோன்றிய ஜெஃப்ரி சாக்ஸ் நிலைத்த வளர்ச்சி மையமும், மத்திய வங்கியான பேங்க் நெகாராவும் அமெரிக்காவின் எம்ஐடி ஸ்லோன் மேலாண்மைப் பள்ளியும் 2015-இல் கூட்டாக நிறுவிய ஆசிய வணிகப் பள்ளியும் இப்பணிக்கு உரியவை. அங்கு உருவாகும் ஆய்வுகள் சிறு தொழிற்சாலை உரிமையாளரின் கணக்கேடுவரை சென்றடைந்தால்தான் அவற்றால் பயன்.

கோலாலம்பூரின் நிர்வாக எல்லை ஆற்றுக்கும் மலைக்கும் தெரியாது. 2020 செப்டம்பரில் ரவாங்கின் சுங்கை கோங்கில் கலந்த கழிவால் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 12 லட்சம் கணக்குகளுக்குக் குடிநீர் நின்றது. 2022 டிசம்பரில் ரவாங்கிற்கு வடக்கே பத்தாங் காலி நிலச்சரிவு 31 உயிர்களைப் பறித்தது. எனவே அடுத்த கூட்டு ஆய்வு ஒப்பந்தம் எழுதப்படும்போது செலாயாங், ஷா ஆலம், கிள்ளான் ஆகியவற்றின் உள்ளாட்சி மன்றங்களும் அதில் கையெழுத்திடுவதும், தரவு யாருக்கு உரியது, நிதிக்காலம் முடிந்தபின் தளத்தைப் பராமரிப்பது யார் என்பவை முதல் பக்கத்திலேயே எழுதப்படுவதும் அவசியம்.